பொட்டு வைத்துப் பூட்டிய கம்ப்யூட்டர்

1

கப்பலின் அடித்தட்டில் வாந்தி எடுத்துக்கொண்டே சிங்கப்பூர் வந்து சேர்ந்தவன் நான். என்னிடம் இருந்தது செஞ்சிப் பக்கத்து வல்லத்தில் நாலாம் வகுப்பு வரைக்கும் படித்த படிப்பும், மாற்றிக் கட்ட ஒரு வேட்டியும்தான். துறைமுகத்தில் கேபிள் உருளை தள்ளினேன். தள்ளிக்கொண்டே அந்தக் கேபிளுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். வெள்ளைக்காரன் வைத்த ஒயரிங் பரீட்சையை, கேள்வியைப் படிக்கத் தெரியாமல் படத்தை மட்டும் பார்த்துப் பாஸ் பண்ணினேன். சொந்தக் கடை போட்டேன். இந்தத் தீவில் எத்தனையோ அடுக்குமாடிகளில் இன்றைக்கு விளக்கு எரிவது நான் இழுத்த ஒயரில். தம்பிக்கு வல்லத்தில் கிணறு வெட்டி மோட்டார் இறக்கிக் கொடுத்தேன். மகனை இன்ஜினியர் ஆக்கினேன். மகளை லைப்ரரியன் ஆக்கினேன். செஞ்சியில் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் முதன்முதலாக ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுபோய் இறக்கியவனும் நான்தான். இதில் எதற்கும் யாரும் எனக்குக் கை கொடுக்கவில்லை.

கடைசியாகச் சொன்னேனே, அந்தக் கம்ப்யூட்டரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். கோபத்தில் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். கோபத்தைத் திருத்தாதீர்கள்.

2

போன வாரம் தம்பி தபாலில் ஒரு புத்தகம் அனுப்பியிருந்தான். அந்தப் பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழா மலர். என் வீட்டுக்காரி தனம் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கம் பக்கமாக என் பெயரைத் தேடினாள். கடைசிப் பக்கத்து ஜவுளிக்கடை விளம்பரம் வரைக்கும் போய்விட்டுத் தலையை நிமிர்த்தினாள்.

"இன்னாங்க இது, உங்க பேரே இல்லியே."

"நல்லாப் பாரு."

"பாத்துட்டேன். அந்த ரைஸ்மில்லுக்காரர் பேர்தான் இருக்குது. கம்ப்யூட்டர் வழங்கிய வள்ளல்னு போட்டிருக்குது."

ரைஸ்மில்லுக்காரர் கொடுத்தது மேசை. கம்ப்யூட்டரை வைக்க ஒரு மேசை. அவர் பெயரை இங்கே எழுதி அவருக்கு இன்னொரு தரம் விளம்பரம் கொடுக்க மாட்டேன்.

பெயர் இல்லாததைக்கூட ஒரு நாள் பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்தப் பெயருக்கு மேலே ஒரு போட்டோ இருந்தது. சரஸ்வதி பூஜை அன்றைக்கு எடுத்தது. என் கம்ப்யூட்டருக்குச் சாமந்தி மாலை போட்டிருக்கிறார்கள். திரையில் பட்டையும் பொட்டும். எதிரே வாழை இலை, அதன்மேல் புத்தகங்கள், பக்கத்தில் பிளாப்பித் தட்டுகளைச் சீட்டு விரிப்பதுபோல விரித்து வைத்து ஒவ்வொன்றுக்கும் சந்தனம் தடவி, குங்குமம் வைத்திருக்கிறார்கள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பிளாப்பி என்பது கறுப்பு உறைக்குள் இருக்கும் மெல்லிய தட்டு. கம்ப்யூட்டர் செய்ய வேண்டிய வேலை, பிள்ளைகள் அதில் போட்ட கணக்கு, படம் எல்லாம் அந்தத் தட்டில்தான் இருக்கும். உறையில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் நீளவாக்கில் திறப்பு விட்டிருப்பான். அதன் வழியாகத்தான் இயந்திரம் தட்டைப் படிக்கும். அங்கே விரல்கூடப் படக்கூடாது. பார்க்க அந்த இடம் வெறும் நெற்றி மாதிரி இருக்கும். நம் ஆட்கள் பக்தியோடு தேடிப் பிடித்து அங்கேயே பொட்டு வைத்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மகள் மல்லிகா வந்தாள். போட்டோவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"நைனா, திறப்புலயே வச்சிருக்காங்க" என்றாள். அப்புறம் ஒரு தட்டின் மேல் விரலை வைத்தாள். அதில் அவள் கையெழுத்தில் 'செல்வி' என்று எழுதியிருந்தது. போட்டோவை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். சாப்பிடவும் உட்காரவில்லை.

3

செல்வி என் தம்பி மகள். அவளிடம் பிறகு வருகிறேன். முதலில் மல்லிகாவின் வேலையைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் ஊரில் பாதிப்பேருக்கு அது வேலையாகவே தெரியவில்லை.

இங்கே என் நாள் ஒரே மாதிரிதான் போகும். காலையில் கடையைத் திறப்பேன். பையன்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பேன். மத்தியானம் மல்லிகாவின் பையனை, என் பேரனை, பள்ளியிலிருந்து கூட்டி வருவேன். அவனோடு பேசுவது தனி வேலை. நான் தமிழில் கேட்பேன், அவன் இங்கிலீஷில் பதில் சொல்வான், நடுவில் கொஞ்சம் மலாய் வந்து எங்கள் இரண்டு பேரையும் காப்பாற்றும். மகன் ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குப் போய்விட்டான். தீபாவளிக்கு போன் வரும். அங்கே மணி என்ன என்று நான் கேட்பேன், இங்கே மழையா என்று அவன் கேட்பான், முடிந்தது.

பேரன் படிக்கும் பள்ளியில்தான் மல்லிகா லைப்ரரியன். ஒரு நாள் பெரிய மழை. அவள் நூலகத்தில் உட்கார்ந்திருந்தேன். மழைக்கு ஒதுங்க ஒரு பொடியன் ஓடி வந்தான். சட்டையெல்லாம் ஈரம். மல்லிகா துண்டு கொடுத்துவிட்டு, "என்ன பார்த்துக்கிட்டே வந்த?" என்று கேட்டாள். சாக்கடையில் தவளை என்றான். என்ன நிறம், எங்கே இருந்தது, கத்திச்சா என்று கேட்டுக்கொண்டே அலமாரிப் பக்கம் நடத்திக்கொண்டு போனாள். மழை விட்டபோது அவன் இரண்டு புத்தகத்தோடு போனான். அவன் புத்தகம் கேட்கவே இல்லை. அதுதான் வித்தை. அடுத்த அறையில் கம்ப்யூட்டர். புத்தகத்தில் கண்டுபிடித்ததை அங்கே போய்ப் படமாகவும் கணக்காகவும் போட்டுப் பார்ப்பார்கள். இந்த அறைக்கும் அந்த அறைக்கும் நடுவில் கதவு இருக்கிறது. பூட்டு இல்லை.

மல்லிகா இந்த நூலக வேலைக்குப் படிக்கப் போனபோது தனத்தின் அண்ணன் பனமலையிலிருந்து வந்திருந்தார். "புஸ்தகம் அடுக்கறதுக்குப் பரீட்சையா மாப்ள? எங்க ஊட்ல பரண் மேல எம் பொண்டாட்டி அடுக்கலியா?" என்று சிரித்தார்.

"ஒயர் முடுக்கறதுக்கும் பரீட்சை இருக்குது மச்சான். பாஸ் பண்ணாதவன் முடுக்கின ஊடுதான் எரியும்" என்றேன். நாலாம் வகுப்பு படித்தவன் சொன்னது. இன்றைக்கும் அதேதான் சொல்கிறேன்.

4

எண்பத்தாறாம் வருஷம் கம்ப்யூட்டரோடு மெட்ராஸில் இறங்கினோம், நானும் மல்லிகாவும். சுங்க அதிகாரி பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"இன்னா பெரியவரே, டிவியா?"

"கம்ப்யூட்டர். பள்ளிக்கூடத்துக்கு."

"டிவி மாதிரி இருக்குதே."

"பாக்க அப்படித்தான் இருக்கும்."

"அப்போ டிவிக்குண்டான தீர்வையக் கட்டுங்க."

"பள்ளிக்கூடத்துக்குச் சார். அப்படியே கொண்டுபோக, போலே?" என்றேன். 'முடியுமா' என்று கேட்கவேண்டிய இடத்தில் மலாய் வந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் என் சொந்த நாட்டிலேயே நான் கடத்தல்காரன் ஆனேன். பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். "கம்ப்யூட்டரா? எங்க வேலைக்கே ஒல வெக்கிற சாமானாச்சே! வுட்டுட்டுப் போங்க, பத்திரமா பூட்டி வெக்கிறோம்."

கடைசியில் பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் தேவை என்று சான்றிதழ் கொண்டுவரச் சொன்னார்கள். பள்ளியில் போய்க் கேட்டால், கம்ப்யூட்டர் வைத்துக்கொள்ளலாம் என்று மேலிடம் சொல்லாமல் தேவை என்று எப்படி எழுதுவது என்றார்கள். மேலிடத்தில் கேட்டால், கம்ப்யூட்டர் எங்கே, முதலில் காட்டுங்கள் என்றார்கள். அது மெட்ராஸில் கிடக்கிறது. வேறு ஆளாக இருந்தால் அங்கேயே போட்டுவிட்டுக் கப்பல் ஏறியிருப்பான். நான் வாடகைக் கார் வைத்து ஹெட்மாஸ்டரையே தூக்கிக்கொண்டு போய் அதிகாரி எதிரில் நிறுத்தினேன். "இவருதான் பள்ளிக்கூடம். கேளுங்க" என்றேன். சாயங்காலம் பெட்டி வெளியே வந்தது.

திண்டிவனத்திலிருந்து மினி லாரியில், மெத்தையில் சுற்றி, பெட்டியைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் உட்கார்ந்து வந்தேன். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை கண்ணில் பட்டபோது சத்தம் போட்டுச் சிரித்தேன். டிரைவர் பயந்துபோய் வண்டியை ஓரம் கட்டினான்.

5

பள்ளிக்கூடத்தில் நூலகம் என்று ஒரு அறை இருந்தது. வரிசையாக இரும்பு பீரோ, எல்லாவற்றுக்கும் பூட்டு. நூலகப் பொறுப்பு டிராயிங் வாத்தியார் தலையில். நல்ல மனுஷன். சாவிக்கொத்தை அரைஞாணில் முடிந்து வைத்திருந்தார்.

"பசங்களுக்கு என்னிக்குப் புத்தகம் குடுப்பீங்க சார்?" என்று மல்லிகா கேட்டாள்.

"குடுக்கறதாவது! ஒரு புஸ்தகம் தொலஞ்சா எஞ்சம்பளத்துல புடிப்பாங்கம்மா. எனக்கு மூணும் பொண்ணுங்க. தொலையாம இருக்கணும்னா ஒரே வழி, குடுக்காம இருக்கறதுதான்."

"அப்ப புத்தகம் எதுக்கு சார்?"

"ஸ்டாக்குக்கும்மா."

திறந்து பார்த்தோம். முதுகெல்லாம் வரிசையாக நின்றது. உருவி எடுத்தால் உள்ளே கரையான் மண். கணக்குப்படி எல்லாம் இருந்தது. கரையான் தின்றதைச் சம்பளத்தில் பிடிக்க மாட்டார்களாம்.

மல்லிகாவுக்குப் பள்ளி விடுமுறை. ஒரு மாதத்தை அந்த அறைக்குக் கொடுத்தாள். பிழைத்த புத்தகங்களை வெயிலில் போட்டுத் தட்டி, பொருள் வாரியாகப் பிரித்து, திறந்த அலமாரியில் வைத்தாள். டிராயிங் வாத்தியாரைப் பக்கத்தில் உட்காரவைத்து, தொலைந்த புத்தகத்தைக் கணக்கிலிருந்து எப்படிக் கழிக்கலாம், விதியில் அதற்கே இடம் இருக்கிறது என்று காட்டினாள். அவர் அதுவரை அந்த விதியைப் பார்த்ததே இல்லை. அடுத்த அறைக்கு ஒயரிங் நான் செய்தேன். எர்த் கம்பிக்குக் குழி நானே தோண்டினேன். கூட்டம் கூடி வேடிக்கை பார்த்தது. ஹெட்மாஸ்டர், "ஏழுமலை சார், ஆள் வெச்சி செய்யலாமே" என்றார். "ஆள் செஞ்சா ஷாக் அடிக்கும்" என்றேன்.

செல்வி அப்போது பத்தாவது. முதல் நாளே வந்து நின்றாள்.

"அக்கா, ராஜகிரி எம்மா ஒயரம்?"

மல்லிகா எழுந்து அலமாரிக்குப் போனாள். மாவட்டத்தைப் பற்றிய ஒரு தடிப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்து, கடைசிப் பக்கத்து அகராதி வரிசையில் எப்படித் தேடுவது என்று மட்டும் காட்டினாள். ராஜகிரி கிடைத்தது. கோட்டையின் மற்ற இரண்டு மலை, கிருஷ்ணகிரியும் சந்திரகிரியும், அதில் இல்லை. "புத்தகத்துல இல்லன்னா?" என்றாள் செல்வி. "வேற புத்தகம்" என்றாள் மல்லிகா. இரண்டு பேருமாகத் தேடி, நிழலை வைத்து உயரம் கண்டுபிடிக்கும் கணக்கு இருந்த ஒரு பழைய புத்தகத்தை எடுத்தார்கள். மறுநாள் அந்தப் பெண் ஒரு குச்சியும் நூலும் பாகைமானியும் எடுத்துக்கொண்டு வெயிலில் போனாள். அளந்தது சரியா தப்பா, எனக்குத் தெரியாது. போனாளே, அதைப் பார்த்தேன்.

திரும்பி வந்து கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள். மேலே போ, இவ்வளவு திரும்பு, கீழே இறங்கு என்று எழுதினால் திரையில் ஒரு சின்ன அம்பு கோடு போட்டுக்கொண்டே போகும். ஒரு மலை வந்தது. இரண்டாவது மலை வந்தது. மூன்றாவது பாதி ஏறும்போது கரண்ட் போய்விட்டது. அறை முழுக்க ஓவென்று ஒரு சத்தம்.

"போச்சா பெரிப்பா?" என்றாள் என்னிடம்.

"மலையா போச்சு? கரண்டுதானே போச்சு" என்றேன்.

மறுநாள் மறுபடி போட்டாள். மூன்று மலையும், அவள் அளந்த உயரத்தின்படி, பக்கத்தில் பக்கத்தில். ஹெட்மாஸ்டர் எட்டிப் பார்த்து, "அட, நம்ம செஞ்சி!" என்று கத்தினார். அதைப் பிளாப்பியில் சேமித்து, மேலே 'செல்வி' என்று எழுதி அவள் கையிலேயே கொடுத்தாள் மல்லிகா. அவள் அதை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. "இங்கியே இருக்கட்டும்க்கா. நாளைக்கு வந்து கோட்டை மதிலு போடணும்" என்றாள்.

6

மல்லிகா திரும்பிப் போகவேண்டிய நாள் வந்தது. அறைக்கு ஒரு ஆள் வேண்டும். தேடினேன், கிடைத்தாள். கடைத்தெருவில் அப்பாவின் தையல் கடையைப் பார்த்துக்கொண்டிருந்த ஜமீலா. மெட்ராஸில் விடுதியில் தங்கி நூலகப் படிப்பு முடித்தவள். ஊரில் ஒருத்தருக்கும் அது தெரியாது, கேட்டால்தானே. மல்லிகாவோடு இருந்து கம்ப்யூட்டரையும் பழகிக்கொண்டாள். சம்பளம் நான் தருகிறேன் என்றேன்.

ஹெட்மாஸ்டர் கைகளைப் பிசைந்தார். "பொண்ணு தங்கமான பொண்ணு சார். ஆனா போஸ்ட் இல்லியே. போஸ்ட் இருந்தாத்தான் பொறுப்பு. பொறுப்பு இருந்தாத்தான் சாவி."

"ஐயா, சம்பளங்கூட வாணாம். சாவிய மட்டும் வாங்கிக் குடுங்க" என்றாள் ஜமீலா.

மேலிட ஆபீசுக்குப் போனேன். வெயிலில் நின்றேன். உள்ளே இருந்தவர் பொறுமையாகச் சொன்னார். "லைப்ரரியன் போஸ்ட் கவர்மென்ட் போடும்போது போடும் சார். கம்ப்யூட்டர் டீச்சர்னு ஒரு போஸ்ட்டே கெடையாது."

"அப்ப கம்ப்யூட்டர் மட்டும் இருக்கலாமா?"

"அது டொனேஷன். டொனேஷனுக்கு ரூல் இருக்குது. ஆளுக்கு ரூல் இல்ல."

மேசையைத் தட்டினேன். ஆபீசே எழுந்து நின்றது. துறைமுகத்தில் எத்தனை கங்காணிகளை எதிர்த்துப் பேசியவன் நான்! ஆனால் ஒரு கங்காணியைத் திட்டினால் அவனுக்குக் கோபமாவது வரும். இவருக்கு அதுவும் வரவில்லை. "டென்ஷன் ஆவாதீங்க, ஒக்காருங்க, டீ சாப்டுங்க" என்றார்.

நாங்கள் கிளம்பிய அன்று தனம் தைத்துக் கொடுத்திருந்த பூப்போட்ட உறையைக் கம்ப்யூட்டருக்குப் போட்டு, தூசி படாமல் இருக்க மல்லிகா நாடாவைக் கட்டினாள். சாவி டிராயிங் வாத்தியாரிடம் திரும்பிப் போனது. தொலைந்த புத்தகத்துக்குப் பயந்தவர், உடைந்த கம்ப்யூட்டருக்கு எப்படிப் பயப்படுவார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

7

போட்டோ வந்த இரவே தம்பிக்கு டிரங்க்கால் போட்டேன். செல்விதான் எடுத்தாள். பிளஸ் டூ படிக்கிறாள். இந்த வருஷத்தோடு அந்தப் பள்ளியை விட்டுப் போகிறாள்.

"கம்ப்யூட்டர் ரூமுக்குப் போறியாம்மா?"

"எங்க பெரிப்பா! ஜன்னல் வழியா பாப்பேன். மேல துணி போத்திக்கினு இருக்குது. பூஜைக்கு மட்டுந்தான் தொறந்தாங்க. நான் போயி கேட்டேன், அந்தப் பிளாப்பிய ஒரு வாட்டி போட்டுப் பாக்கறேன்னு. பூஜைல வெச்சத தொடக்கூடாதுன்னாங்க."

"மறுநாளு?"

"மறுநாளு பூட்டிட்டாங்க."

நான் சாமி கும்பிடாதவன் அல்ல. என் கடையில் ஆயுத பூஜைக்கு டிரில்லிங் மெஷினுக்குப் பொட்டு வைக்கிறேன். ஆனால் மெஷினின் உடம்பில் வைப்பேன், சுழலும் மூக்கில் வைக்க மாட்டேன். எங்கே வைக்கவேண்டும் என்பது தொழில் தெரிந்தவனுக்குத் தெரியும். ஜமீலா அந்த அறையில் இருந்திருந்தால், "இலையில வைங்க, தட்டு மேல வாணாம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பாள். செல்வியின் மலைகள் பிழைத்திருக்கும். பயிற்சி பெற்ற ஆள் எதற்கு, புத்தகத்தையும் மிஷினையும் வாங்கிப் போட்டால் போதாதா என்று கேட்கிறவர்கள் அந்தப் போட்டோவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதோடு, நம் முறை எனக்கும் தெரியும். பூஜையில் வைத்த புத்தகத்தை அன்றைக்குத் தொடக்கூடாது. சரி. மறுநாள் விஜயதசமிக்கு அதை எடுத்துப் பிரித்துப் படித்தே ஆகவேண்டும். முதல் பாதியைப் பக்தியாகச் செய்தீர்கள். இரண்டாவது பாதிக்குப் பூட்டுப் போட்டீர்கள். இது எந்த ஊர் பூஜை?

ஹெட்மாஸ்டருக்கும் மலர்க் குழுவுக்கும் இதைப் படிக்கும் ஊர்க்காரர்களுக்கும் சொல்கிறேன். புதுப் பிளாப்பிகள் மல்லிகா வாங்கிவிட்டாள். பள்ளி முடிவதற்குள் நான் வருகிறேன். செல்வி பரீட்சை எழுதிவிட்டுப் போவதற்குள் அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து மறுபடி மூன்று மலையும் போடவேண்டும், மதிலும் போடவேண்டும். ஜமீலா கையில் சாவி இருக்கவேண்டும். சம்பளம் நான் சொன்னபடி.

கிழவன் பெயருக்கு அலைகிறான் என்பீர்கள். ஆமாம், அலைகிறேன். கேபிள் உருளை தள்ளிச் சம்பாதித்தது, சுங்கத்தில் மல்லுக்கட்டியது, மெத்தை சுற்றி மடியில் பிடித்து வந்தது எல்லாம் நான். அதை இன்னொருத்தர் பெயரில் அச்சடித்தால் வலிக்காதா? வலியைவிட இன்னொன்று இருக்கிறது. இன்றைக்கு நான் போய் ஏன் பூட்டினீர்கள் என்று கேட்டால், நீ யார் கேட்க, கொடுத்தவரே கேட்கவில்லையே என்று சொல்லலாம். மலர் அப்படித்தான் சொல்கிறது. ரைஸ்மில்லுக்காரர் இதுவரை கேட்கவில்லை, இனியும் கேட்க மாட்டார். அவருடைய மேசை பத்திரமாக இருக்கிறது.

அதனால் அந்த அறைக் கதவுக்கு மேலே, கல்லில் வெட்டி, எல்லோர் கண்ணிலும் படும்படி வையுங்கள்: இந்தக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தவன் வல்லம் ஏழுமலை, நாலாம் வகுப்பு. இந்த நூலகத்தைத் திறந்து காட்டியவள் அவன் மகள் மல்லிகா. கீழே ஜமீலாவுக்கு இடம் விடுங்கள். ரைஸ்மில்லுக்காரர் பெயரை மேசையில் எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.